டொராண்டோ வேலைவாய்ப்பு முகாம்: புதிதாக வந்த ஒரு கணக்காளரின் கேள்விக்குப் பதில்

வணக்கம் தம்பி. சென்னையில் ஆறு ஆண்டுகள் அக்கவுண்ட்ஸ் பேயபிள், அதாவது சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும் பிரிவில் பணியாற்றிவிட்டு, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்று, மனைவியுடன் டொராண்டோவுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் நடக்கவிருக்கும் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போவதால் பயன் உண்டா, போனால் எப்படித் தயாராவது, என்ன பேசுவது, மனைவியையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த புதிதில் இத்தகைய முகாம்களில் வரிசையில் நின்றவன் நான். இப்போது சில ஆண்டுகளாக எங்கள் நிறுவனத்தின் சார்பில் மேசைக்கு மறுபுறம் நிற்கிறேன். இரு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாகப் போகலாம். ஆனால் நம் ஊர் முகாம்களில் காலையில் நேர்காணல் முடித்து மாலையில் பணி நியமன ஆணையோடு திரும்புவதைப் பார்த்த நினைவோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே ஒரு நிறுவனத்தின் அரங்கில் (ஸ்டாலில்) நிற்பவருக்குப் பெரும்பாலும் அன்றைக்கே யாரையும் வேலைக்கு எடுக்கும் அதிகாரம் கிடையாது. உங்கள் ரெஸ்யூமேயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கள் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்" என்றுதான் அவர் சொல்வார். அதைத் தட்டிக்கழிப்பதாக எண்ணிப் பலர் மனம் சோர்ந்து வெளியேறுகிறார்கள். உண்மையில் அங்கே பெற வேண்டியது வேலையை அல்ல, குறிப்பிட்ட ஒரு காலியிடத்தைப் பற்றிய தகவலையும், அதைப் பற்றி மறுநாள் எழுதுவதற்கு ஒரு மனிதரின் பெயரையும்தான். அந்த இரண்டும் இரண்டு மூன்று அரங்குகளில் கிடைத்துவிட்டால் அந்த நாள் வீணாகவில்லை.

முகாமை நடத்துகிறவர்கள் கலந்துகொள்ளும் நிறுவனங்களின் பட்டியலைப் பெரும்பாலும் முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் தரம் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரங்கு போட்டிருக்கும் எல்லோரும் வேலை தருகிறவர்கள் அல்லர். சிலர் நேரடியாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள். சிலர் பிற நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகள். சிலர் மாணவர்களைச் சேர்க்க வந்திருக்கும் தனியார் கல்லூரிகள். இன்னும் சிலர் "நிதி ஆலோசகர்" என்ற பெயரில், சம்பளமில்லாமல் கமிஷனுக்குக் காப்பீடு விற்க ஆள் தேடுகிறவர்கள். கடைசி வகையினர்தான் மிகவும் அன்பாகப் பேசுவார்கள், உங்கள் கணக்குத்துறை அனுபவத்தைப் பாராட்டுவார்கள், அடுத்த நாளே ஒரு கூட்டத்துக்கு அழைப்பார்கள். அது சட்டவிரோதம் அல்ல, சிலருக்கு ஒத்தும் வரலாம். ஆனால் மாதச் சம்பளம் தேடுகிற உங்களுக்கு அது அரை மணி நேர இழப்பு. அடிப்படைச் சம்பளம் உண்டா என்ற ஒரே கேள்வியில் விஷயம் தெளிவாகிவிடும்.

ஏஜென்சிகளை ஒதுக்க வேண்டியதில்லை. கணக்குத்துறையில் தற்காலிகப் பணி வழியாக உள்ளே நுழைந்து நிரந்தரமானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் தற்காலிகப் பணி ஏஜென்சிகளும் ஆள்சேர்ப்பு முகவர்களும் மாகாண அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அரசு இணையத்தில் பார்க்கவும் முடியும். யாராக இருந்தாலும் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று வேலைக்கு முன் பணம் கேட்டால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

தரம் பிரித்த பிறகு உங்களுக்குப் பொருந்துவதாக ஐந்தாறு நிறுவனங்கள் எஞ்சினால் போதும். அவர்களுடைய இணையதளத்துக்குப் போய், தற்போது கணக்குப் பிரிவில் என்ன இடம் காலியாக இருக்கிறது, எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், எந்த ஊர் அலுவலகம் என்று படித்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான ஜாப் பேங்கையும் பாருங்கள். உங்கள் பழைய வேலை இங்குள்ள தொழில் வகைப்பாட்டில் 14200 என்ற எண்ணின் கீழ் வருகிறது. கணக்கு முழுவதையும் எழுதி முடிக்கும் புக்கீப்பர் போன்ற பணிகள் 12200. அந்த எண்ணைக் கொண்டு தேடினால் இதே வேலையை இங்கே என்னென்ன பதவிப் பெயர்களில் அழைக்கிறார்கள், உங்கள் வட்டாரத்தில் குறைந்த, இடைநிலை, உயர்ந்த ஊதியம் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். எண்ணை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். அது உங்கள் தேடலுக்கு மட்டும். யாராவது எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டால் திகைக்காமல் ஒரு வரம்பைச் சொல்ல இந்த அறிவு உதவும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது இனி நான் சொல்லப்போவதற்குத்தான். உங்கள் சென்னை அனுபவம் குறைந்தது அல்ல. அது இங்குள்ளவருக்குப் புரியும் வடிவத்தில் இல்லை என்பதே சிக்கல். உங்கள் நிறுவனத்தின் பெயர் நம் ஊரில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இங்கே அரங்கில் நிற்பவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆகவே அது என்ன தொழில் செய்யும் நிறுவனம், எத்தனை ஊழியர்கள் என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். டேலி மென்பொருளில் வேலை செய்தேன் என்றால் பலருக்கு ஒன்றும் விளங்காது. குவிக்புக்ஸ், சேஜ், எஸ்.ஏ.பி. ஆகிய மென்பொருள்களில் எது உங்களுக்குத் தெரியுமோ அதை முன்னால் வையுங்கள், எதுவும் தெரியாவிட்டால் குவிக்புக்ஸின் சோதனைப் பதிப்பில் இந்த வாரமே கை பழகத் தொடங்குங்கள். மாதம் 8 கோடி ரூபாய்க்குப் பில் தீர்த்தேன் என்பது இங்கே காற்றில் போகும் பேச்சு; கோடி, லட்சம் என்ற கணக்கே இங்கு வழக்கில் இல்லை. மாதம் ஒரு மில்லியன் டாலருக்கு மேல் மதிப்புள்ள பில்களைக் கையாண்டேன், அவை எத்தனை இன்வாய்ஸ்கள், எத்தனை சப்ளையர்கள் என்று சொன்னால் கேட்பவர் உங்கள் பணியின் அளவை உடனே தம் அலுவலகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை உலகெங்கும் ஒன்றுதான். இருமுறை பணம் போவதை எப்படித் தடுத்தீர்கள், தாமதமான பாக்கியை எப்படிக் குறைத்தீர்கள் என்பதும் எந்த நாட்டு மேலாளருக்கும் புரிகிற செய்திகள்.

வரி விஷயத்தில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நம் ஊர் ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்துப் பழகியவருக்கு இங்குள்ள முறை அந்நியமாகத் தோன்றாது. ஒன்டாரியோவில் எச்.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த விற்பனை வரி 13 சதவீதம், அதில் 5 மத்திய அரசுக்கும் 8 மாகாணத்துக்கும் உரிய பங்கு, ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரியே இல்லாததால் 5 சதவீதம் மட்டும், கியூபெக்கில் கனடா மத்திய அரசின் ஜி.எஸ்.டி.யோடு தனி மாகாண வரி. வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வரும் இன்வாய்ஸ்களில் வரி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இங்கே உங்கள் பிரிவின் அன்றாட வேலை. கனடாவுக்கு வந்து இரண்டே மாதமான ஒருவர் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால், மேசைக்கு மறுபுறம் நிற்கிற எனக்கு அவருடைய கோப்பு நிறைய இருக்கும் சான்றிதழ்களைவிட அது அதிகம் சொல்லும்.

இவையெல்லாம் சேர்ந்து அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய ஓர் அறிமுகமாக வர வேண்டும். நீங்கள் யார், எதைச் செய்தீர்கள், இந்த நிறுவனத்தின் எந்த இடத்துக்காக வந்திருக்கிறீர்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம். நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மவர்கள் ஆங்கிலத்தை வேகமாகப் பேசுவதைத் திறமை என்று நினைக்கிறோம், ஆனால் இரைச்சலான கூடத்தில் மெதுவாகப் பேசுகிறவரைத்தான் கேட்க முடிகிறது. "எந்த வேலையாக இருந்தாலும் சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பணிவாகச் சொல்கிறோம் என்று நமக்குத் தோன்றும். கேட்பவருக்கோ உங்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவதென்று தெரியாமல் போகும், ரெஸ்யூமே அடியில் போய்விடும்.

ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், இங்கு வழக்கமான லெட்டர் அளவுத் தாளில் அச்சிடுங்கள். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை, மதம், பாஸ்போர்ட் எண் எதுவும் கூடாது. ஒன்பது இலக்க எஸ்.ஐ.என். எண்ணை (சமூகக் காப்பீட்டு எண்) ரெஸ்யூமேயிலோ அரங்கில் நிரப்பச் சொல்லும் படிவத்திலோ எழுதவே கூடாது. வேலையில் சேர்ந்த மூன்று நாட்களுக்குள் முதலாளியிடம் தர வேண்டிய எண் அது, அதற்கு முன் எந்த முதலாளிக்கும் அது தேவையில்லை. கட்டங்களும் வண்ணங்களும் போட்டு அழகுபடுத்திய கோப்பை, விண்ணப்பங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் சரியாகப் படிக்காமல் போகலாம் என்பதால் எளிய வடிவமே நல்லது. புதிதாகக் குடியேறியோருக்கான காஸ்டி, ஆக்சஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகளில் வேலை தேடுவதற்கான உதவி இலவசமாகக் கிடைக்கிறது. முடிந்தால் இந்த வாரமே சந்திப்பு கேட்டு, ரெஸ்யூமேயை அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அன்றைய நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோட் சூட் கட்டாயமில்லை, அலுவலகத்துக்குப் போவதுபோல் சுத்தமான உடை போதும். கனத்த குளிர்கால மேலங்கியைக் கோட் வைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதையும் பையையும் சுமந்துகொண்டு கை குலுக்க முடியாது. வாசனைத் திரவியம் வேண்டாம், இங்கே பல அலுவலகங்களில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். திறந்த முதல் மணி நேரத்தில் போய்விடுங்கள், ஏனென்றால் பிற்பகலில் எங்களுக்கே குரல் கம்மிவிடும், யார் என்ன சொன்னார் என்பதும் நினைவில் தங்காது. முதலில் உங்களுக்கு அவ்வளவாக அக்கறையில்லாத ஓர் அரங்கில் பேசிக் கூச்சத்தைப் போக்கிக்கொண்டு, பிறகு முக்கியமானவற்றுக்குச் செல்லுங்கள். சார், மேடம் என்று அழைக்க வேண்டாம், பெயர் அட்டையில் உள்ள முதல் பெயரைச் சொல்லலாம். முதல் சில நாட்கள் நாக்கு கூசும், பழகிவிடும். பின்னால் வரிசை நீண்டிருந்தால் மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் அவருடைய பெயரையும், யாருக்கு எழுதலாம் என்பதையும் கேட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்று பேசியதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கனடா அனுபவம் இருக்கிறதா" என்ற கேள்வியை நீங்கள் எதிர்பார்த்தே போக வேண்டும். கனடா அனுபவத்தைக் கண்டிப்பாகக் கோருவது பாகுபாடாகும் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் அதைத் தகுதியாகக் குறிப்பிடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது; அதே விளம்பரங்களில் ஊதிய வரம்பையும் பொதுவாகத் தெரிவிக்க வேண்டும். ஆனால் குறிப்பிட்ட பதவியைச் சொல்லாமல் "ஆட்கள் தேவை" என்று பொதுவாக அரங்கில் எழுதி வைப்பதற்கு இந்த விதி பொருந்தாது, வாய்ப்பேச்சில் அந்தக் கேள்வி வராமலும் இருக்காது. அப்போது சட்டத்தை எடுத்துக் காட்டி வாதிடுவது சரியாகவே இருந்தாலும் வேலை வாங்கித் தராது. "இங்கே இன்னும் பணியாற்றவில்லை, ஆனால் இதே வேலையை இந்த அளவில் ஆறு ஆண்டுகள் செய்திருக்கிறேன், எச்.எஸ்.டி. நடைமுறையைப் படித்திருக்கிறேன், இந்த மென்பொருளில் பழகியிருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லி, அவர்களுடைய காலியிடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு வேலையின் பக்கம் திரும்பிவிடும்.

மறுநாளுக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், இதைச் செய்பவர்கள் மிகவும் குறைவு என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். நேற்று எந்த அரங்கில் சந்தித்தோம், எதைப் பற்றிப் பேசினோம் என்று இரண்டு வரி, இணையத்தில் விண்ணப்பித்துவிட்ட பதவியின் எண், ரெஸ்யூமே இணைப்பு, இவ்வளவுதான். விண்ணப்பித்துவிட்டு எழுதுங்கள், எழுதிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள், ஏனென்றால் எண் இருந்தால்தான் எங்களால் உள்ளே தேடி எடுத்து மேலாளரிடம் காட்ட முடியும். பத்து நாட்களில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவருக்கு 45 நாட்களுக்குள், முடிவு எடுக்கப்பட்டதா என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்ற புதிய விதியைச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அரங்கில் நின்று பேசுவது அந்த நேர்காணலில் சேராது.

மனைவியை அழைத்துச் செல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரும் வேலை தேடுகிறார் என்றால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் வாசலோடு பிரிந்துவிடுங்கள். தம்பதியாக ஒரே அரங்குக்கு வந்து, மனைவியின் படிப்பையும் அனுபவத்தையும் கணவர் சொல்ல, அவர் பக்கத்தில் புன்னகையோடு நிற்பதை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். அப்படி வந்தவரின் ரெஸ்யூமேயில் எழுதுவதற்கு எனக்கு ஒரு குறிப்பும் கிடைப்பதில்லை, ஏனென்றால் அவர் பேசி நான் கேட்கவே இல்லை. அவருக்கென்று தனிப் பட்டியல், தனி அறிமுகம், தனி மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும். மதியம் வெளியே சந்தித்து, யாருக்கு எந்த அரங்கில் என்ன கிடைத்தது என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அவருக்குப் பொருந்தும் இடம் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் பிற்பகலில் அவரே போய் அங்கே பேசட்டும்.