ஷோ ஃப்ளாட்டுக்குள் அளவு நாடாவோடு நுழையுங்கள்

தம்பி, பி.ஆர். (நிரந்தரவாசம்) கிடைத்த கையோடு இங்கே சிங்கப்பூரில் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீட்டுக்கான ஷோ ஃப்ளாட், அதாவது விற்பனைக்காக அமைத்த மாதிரி வீடு, பார்த்திருக்கிறீர்கள். 700 சதுர அடி வீடு மாளிகை மாதிரித் தெரிந்தது, ஏஜென்ட் இன்றே செக் கேட்கிறார், கொடுக்கலாமா என்கிறீர்கள். இன்று கொடுக்காதீர்கள்.

நீங்கள் பார்த்தது வீடு இல்லை, செட். கூரை உயரத்தில் ஏமாற்ற முடியாது. 2015இல் வந்த விதிப்படி அது நிஜ வீட்டுக்குப் பொருந்த வேண்டும். வித்தையெல்லாம் உள்ளே. அறைகளுக்கு நடுவே சுவர் இருக்காது, கண்ணாடியோ தரையில் ஒரு கோடோதான் இருக்கும். கோட்டைத் தேடிப் பாருங்கள், கம்பளம் மறைத்திருக்கும். கதவைக் கழற்றியிருப்பார்கள், அது திறந்து மூடும் இடத்தில் ஒரு நாற்காலி அழகாக உட்கார்ந்திருக்கும். கட்டில் வழக்கமான அளவைவிடச் சிறிதாகச் சொல்லிச் செய்ததாக இருக்கலாம். குவீன் மெத்தை 152க்கு 190 செ.மீ., நாடாவை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஹேங்கரில் சட்டை மாட்ட அலமாரிக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும். 45 இருந்தால் அது வெறும் காட்சிப்பொருள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடல், பின்னால் விளக்கு போட்ட படம். மேற்கு வெயில் எந்த அறையில் அடிக்கும் என்பதை சைட் பிளானில் வடக்கு அம்புக்குறியைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, அளவுப்படி வரைந்த யூனிட் பிளானைக் கேட்டு வாங்குங்கள். 700இல் பால்கனியும் அடக்கம். 2023 ஜூன் 1க்கு முன் அனுமதிக்கு விண்ணப்பித்த திட்டமென்றால் ஏசி லெட்ஜும், அதாவது ஏசியின் வெளி யூனிட்டை வைக்கும் திட்டும், சேர்ந்திருக்கும். கழித்துப் பார்த்தால்தான் நடமாடும் இடம் தெரியும். வீட்டுக்குள் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) இருந்தால் அதன் சுவரை எந்தக் காலத்திலும் இடிக்க முடியாது. சோபா, திரை, தொங்கும் விளக்கு எதுவும் உங்களுக்கு வராது. வருவதெல்லாம் ஸ்பெசிஃபிகேஷன் (வீட்டோடு என்னென்ன தரப்படும் என்ற பட்டியல்) பக்கத்தில் எழுதியவை மட்டும்.

புக்கிங் ஃபீ 5 விழுக்காடு. 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 75,000. ஒப்பந்தம் 2 வாரத்தில் கைக்கு வரும், கையெழுத்துப் போட அதிலிருந்து 3 வாரம். போடாவிட்டால் புக்கிங் ஃபீயில் கால்பங்கு, அதாவது 18,750 வெள்ளி போய்விடும். மனைவி பெயரையும் சேர்ப்பதாக இருந்தால் ஒன்று: அவருக்கு இன்னும் பி.ஆர். வரவில்லையென்றால் கூடுதல் முத்திரைத் தீர்வை உங்கள் 5 விழுக்காடு இல்லை, முழு விலைக்கும் 60 விழுக்காடு. இதை ஏஜென்டிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.