கேம்பேட் வீ யு-வைத் தூக்கிவிட்டதா, கவிழ்த்ததா? கேள்விகளும் பதில்களும்

பழைய கன்சோல்களை (டிவியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிகளை) சேர்ப்பதும் பிரித்துப் பழுது பார்ப்பதும் எனக்குப் பிடித்த வேலை. நிண்டெண்டோவின் வீ யு பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 2012 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்து, 2017 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கன்சோல் இது. அதன் கன்ட்ரோலரின் நடுவே 6.2 அங்குலத் தொடுதிரை இருக்கும், பெயர் கேம்பேட். முந்தைய கன்சோலான வீ 10 கோடிக்கு மேல் விற்றது. வீ யு மொத்தமே 1 கோடியே 35 லட்சம் சொச்சம்.

கேள்வி (மதுரை): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கேம்பேட் அந்தக் கன்சோலுக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?

கன்சோலுக்குக் கெட்டது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில விளையாட்டுகளுக்கு ரொம்ப நல்லது.

விசித்திரமான கன்ட்ரோலர் என்றாலே தோல்வி என்று நினைக்காதீர்கள். இதே நிறுவனம் வீ-க்கு முந்தைய கன்சோலான கேம்கியூப் காலத்தில் தடுமாறியது. அது 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றது. 2006-இல் வீ ரிமோட் வந்து நிலைமையைத் தலைகீழாக மாற்றியது. ஒருவர் கையை வீசுகிறார், டிவியில் டென்னிஸ் மட்டை வீசுகிறது. பார்த்தவுடன் எட்டு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் புரிந்தது. யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

கேம்பேடை அப்படிக் காட்ட முடியவில்லை. 2011 ஜூனில் இ3 என்ற விளையாட்டுக் கண்காட்சி மேடையில் அறிமுகம் செய்தபோது கன்ட்ரோலரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கன்சோல் பெட்டி கண்ணிலேயே பெரிதாகப் படவில்லை. பெயரும் 'வீ'யோடு ஒரே ஒரு எழுத்து கூடுதல். வீட்டில் இருக்கும் வீ-க்கு இது ஒரு துணைக்கருவி போலிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு அதற்குள் ஐபேட் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. திரையோடு ஒரு பலகை என்பதில் வியப்பு எதுவும் மிச்சமில்லை.

அப்புறம் விலை. 300 டாலருக்கு ஒன்று, 350 டாலருக்கு ஒன்று என்று இரண்டு வகை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு திரைக்குப் போய்விடுவதால் பெட்டிக்குள் போடும் சக்திக்குக் குறைவாகத்தான் மிஞ்சும். மொத்த நினைவகம் 2 ஜிபி. சரியாக ஒரு வருடம் கழித்து பிளேஸ்டேஷன் 4 வந்தது: 400 டாலர், 8 ஜிபி. விளையாட்டு தயாரிக்கும் மற்ற நிறுவனங்கள் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஈரோடு): என்னிடம் பழைய வீ இருக்கிறது. கேம்பேட் மட்டும் வாங்கி அதோடு இணைக்கலாமா?

முடியாது. (2012-இல் அமெரிக்கக் கடைகளிலும் இதே சந்தேகம்தான். மேலே சொன்னதற்குச் சாட்சியாக வந்ததற்கு நன்றி.)

கேள்வி (திருநெல்வேலி): ரொம்ப நல்லது செய்த விளையாட்டுகள் எவை சார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

யூபிசாஃப்டின் ஸாம்பி யு. லண்டனில் பிணங்கள் துரத்துகின்றன. பையைத் திறந்தால் அது கேம்பேட் திரையில் திறக்கும். ஆனால் விளையாட்டு நிற்காது. நீங்கள் குனிந்து மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது டிவியில் உங்கள் ஆளும் குனிந்து பையைத் துழாவிக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து உறுமல் கேட்கும். நிமிர்வதா, மருந்தை எடுத்துவிடுவதா? கண்ணைக் கீழே இறக்க வேண்டியிருப்பதுதான் கேம்பேடின் பெரிய குறை. அந்தக் குறையையே பயமாக மாற்றிவிட்டார்கள். வேறு எந்தக் கன்ட்ரோலரிலும் அந்தப் பயம் வராது.

அடுத்து ஸ்ப்ளாட்டூன், 2015. இரண்டு அணிகள் மை அடித்துக் களத்தைத் தங்கள் நிறமாக்கும் போட்டி. கேம்பேடில் களத்தின் வரைபடம் எப்போதும் விரிந்திருக்கும். எந்த நிறம் எங்கே பரவுகிறது என்பது நொடிக்கு நொடி தெரியும். கூட்டாளியின் அடையாளத்தை விரலால் தொட்டால் நம் ஆள் வானத்தில் பறந்து அவர் பக்கத்தில் போய் இறங்குவார். நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் வந்த அடுத்த பாகத்தில் வரைபடத்துக்கு ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அது டிவியையே மறைக்கும். ஆடிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

நிண்டெண்டோ லேண்டில் மாரியோ சேஸ். ஐந்து பேர். கேம்பேட் வைத்திருப்பவர் மாரியோ. முழு வரைபடமும் அவர் கையில். மற்ற நால்வர் டிவியைப் பார்த்து, "நீலத்தில் இருக்கான், சிவப்புக்கு ஓடுறான்!" என்று கத்திக்கொண்டே துரத்த வேண்டும். சூப்பர் மாரியோ மேக்கரும் உண்டு. ஸ்டைலஸால் கட்டம் கட்டமாக நாமே களம் வரைவது.

அவ்வளவுதான். பட்டியல் ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கேள்வி (சேலம்): கேம்பேட் இல்லாத வீ யு குறைந்த விலைக்கு வருகிறது. திரை இல்லாத புரோ கன்ட்ரோலரை வைத்து ஓட்டிவிடலாம்தானே?

வாங்காதீர்கள். முதல்முறை அமைப்பதற்கே கேம்பேட் வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போகவும் அதுதான் வேண்டும். பிறகு தனியாக ஒன்று தேடிப் பிடிக்கலாம் என்றால், அதுவும் அதே நாட்டுப் பதிப்பாக இருக்க வேண்டும். ஜப்பான் கேம்பேட் அமெரிக்கப் பெட்டியோடு சேராது.

கேள்வி (தஞ்சாவூர்): பிஎஸ்பி-யில் அனலாக் தானாக நகர்கிறது, என்ன செய்வது?

இன்றைய விஷயம் அதுவல்ல. கையடக்கக் கருவிகள் பார்ப்பவர் யாரையாவது கேளுங்கள்.

கேள்வி (கோவை): எக்ஸ்பாக்ஸோடு சேர்த்து விற்ற கினெக்ட் கேமராவை மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டதே, அதுபோல நிண்டெண்டோவும் கேம்பேடைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். பிடிவாதம்தான் கெடுத்தது.

ஒப்பீடு நல்ல ஒப்பீடுதான், முடிவோடுதான் ஒத்துப்போக முடியவில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 நவம்பரில் கினெக்டோடு 499 டாலருக்கு வந்தது. 2014 ஜூனில் அதை எடுத்துவிட்டு 399-க்கு விற்றார்கள். அந்த மாத அமெரிக்க விற்பனை மே மாதத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. சரி. ஆனால் கினெக்டைச் செருகாமலேயே கன்சோல் ஓடும் என்பதை வெளிவருவதற்கு முன்பே, 2013 ஆகஸ்டிலேயே, முடிவு செய்துவிட்டார்கள். கட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. வீ யு-வில் முதல் அமைப்பிலிருந்து செட்டிங்ஸ் வரை கேம்பேடோடு பிணைத்திருந்தார்கள். எடுத்தால் நிண்டெண்டோ லேண்ட் போச்சு, மேக்கர் பிறந்தே இருக்காது.

கேள்வி (சிங்கப்பூர்): கோவை நண்பர் சொல்வது சரி. நிண்டெண்டோவே அதைப் பயன்படுத்தவில்லையே! டாங்கி காங் டிராபிகல் ஃப்ரீஸில் டிவியில் ஆடினால் கேம்பேட் திரை கறுப்பாகவே கிடக்கும்.

இந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. 2014 பிப்ரவரியில் வந்த விளையாட்டு அது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நிறுவனம் அந்த நிதியாண்டுக்கான வீ யு விற்பனைக் கணிப்பை 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாக வெட்டியிருந்தது. தலைவர் சட்டோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கேம்பேடைக் கைவிட மாட்டோம், அதற்கு அர்த்தம் தரும் விளையாட்டுகளைச் செய்வதே மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவின் முதல் வேலை என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். அடுத்த மாதமே கடைக்கு வந்தது கறுப்புத் திரை. மே மாதம் வந்த மாரியோ கார்ட் 8-இல் என்ன இருந்தது தெரியுமா? கேம்பேட் திரையில் ஒரு ஹார்ன். தொட்டால் பாம் பாம் என்று அடிக்கும். பாதையின் வரைபடமும் காட்டும். இதற்கா ஒரு தொடுதிரை?

கேள்வி (கோவை, மறுபடியும்): அப்படியானால் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதே மாரியோ கார்ட் 8 ஸ்விட்சில் கேம்பேட் இல்லாமல் எவ்வளவு விற்றது பாருங்கள்.

வீ யு-வில் சுமார் 84 லட்சம், ஸ்விட்சில் 6 கோடிக்கு மேல். மறுக்கவில்லை. ஆனால் ஸ்விட்ச் என்பது என்ன? கன்ட்ரோலரின் நடுவே ஒரு திரை, டிவியை வேறு யாராவது பார்த்தால் கையிலேயே ஆடலாம். கேம்பேடில் மக்கள் உண்மையாக விரும்பியது இந்த ஒன்றைத்தான். வீ யு-வில் பெட்டியை விட்டுத் தூரம் போனால் படம் விட்டுவிடும்; கேம்பேடுக்குள் விளையாட்டு ஓடுவதில்லை, பெட்டியிலிருந்து படம் மட்டும்தான் வருகிறது. அந்தக் கயிற்றை அறுத்ததுதான் ஸ்விட்ச். ஆக கேம்பேட் கெடுத்தது என்கிறேன். 2014-இல் எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்பதைத்தான் ஏற்கவில்லை. அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கினெக்டை எடுத்த எக்ஸ்பாக்ஸும் கடைசிவரை பிளேஸ்டேஷன் 4-ஐ எட்டவில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோவை மறந்துவிட்டீர்களே.

மறக்கவில்லை, தவிர்த்தேன். மியாமோட்டோவின் பதில் கடைசியில் 2016 ஏப்ரலில் அந்த வடிவில்தான் வந்தது. டிவியில் விமானத்தின் பின்புறம், கேம்பேடில் விமானி இருக்கையிலிருந்து தெரியும் காட்சி. டிவியைப் பார்த்து ஓட்டி, குனிந்து குறிபார்த்து, கேம்பேடையே அசைத்துச் சுட வேண்டும். ஸாம்பி யு-வில் குனிவது ஒரு கணம், அதுவும் நாமே எடுக்கும் முடிவு. இங்கே முழுநேர வேலை. பொறுமையாகப் பழகினால் ருசி தெரியும் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

கோவையும் சிங்கப்பூரும் இனி தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி (வேலூர்): இரண்டு கேம்பேட் வைத்து ஆடலாம் என்றார்களே?

2012 இ3-யில் சொன்னார்கள். அப்படி ஒரு விளையாட்டுகூட வரவில்லை.

கேள்வி (நாகர்கோவில்): பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?

கூடவே வரும் 1500 எம்ஏஎச் பேட்டரிக்கு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். இப்போது பழசாகியிருக்கும், இன்னும் குறையும். பிறகு விற்ற 2550 எம்ஏஎச் கிடைத்தால் போடுங்கள். மூடியில் இரண்டு திருகுதான்.

கேள்வி (திருச்சி): ஜப்பானிலிருந்து அண்ணன் ஒன்று கொண்டுவருகிறார். அப்படியே செருகலாமா?

செருகினால் புகை வரும். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட், அமெரிக்காவுடையது 120. நம் வீட்டில் 230. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். கன்சோலுக்கு ஒன்று, கேம்பேடுக்குத் தனியாக ஒன்று என இரண்டு அடாப்டர் வரும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதை நேரே செருகிவிடாதீர்கள். ஐரோப்பியப் பதிப்பென்றால் பிளக் மாற்றினால் போதும். கேம்பேடும் சேர்ந்து வருகிறதா என்று அண்ணனிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): கேம்பேட் உடைந்த பெட்டி சல்லிசாக...

சேலத்துக்குச் சொன்ன பதில்.

கேள்வி (புதுச்சேரி): பிரெத் ஆஃப் தி வைல்டில் கேம்பேடுக்கு என்ன வேலை?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதலில் வீ யு-வுக்காகவே செய்த செல்டா வரிசை விளையாட்டு அது. கையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதுபோலத் திட்டம் இருந்தது. ஸ்விட்சிலும் வெளியிடுவது என்று முடிவானதும், இரண்டு பதிப்பும் ஒரே அனுபவம் தர வேண்டும் என்று தயாரிப்பாளர் அயோனுமா குழு அதை எடுத்துவிட்டது. 2017 மார்ச் 3 அன்று இரண்டும் ஒரே நாளில் வந்தன.

கேள்வி (கடலூர்): கேம்பேட் இல்லாமல் வாங்கி...

ஐயா.

கேள்வி (யாழ்ப்பாணம்): சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரிலும் குட்டித் திரை இருந்ததே. அதுவும் சேகாவைக் கவிழ்த்ததா?

இல்லை, அந்தப் பழியை விஎம்யு (கன்ட்ரோலருக்குள் செருகும் அந்தக் குட்டித் திரைக் கருவி) மேல் போட முடியாது. சேகா அதற்கு முன்பே, முந்தைய கன்சோலான சாட்டர்ன் காலத்திலேயே பணத்தையும் கடைக்காரர்களின் நம்பிக்கையையும் இழந்திருந்தது. பிளேஸ்டேஷன் 2 வந்ததும் மூச்சு நின்றது. 2001 மார்ச்சில் உற்பத்தியை முடித்தார்கள். விஎம்யு தன் அளவு தெரிந்த பொருள். ரெசிடென்ட் ஈவில் கோட் வெரோனிகாவில் உங்கள் உடல்நிலையைக் காட்டும். என்எஃப்எல் 2கே-யில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எதிராளிக்குத் தெரியாமல் ஆட்டத் திட்டத்தை அதில் தேர்ந்தெடுக்கலாம். அதைப் பார்க்காமலும் முழு விளையாட்டையும் ஆடி முடிக்கலாம். மெமரி கார்டும் அதுவே என்பதால் தண்டச் செலவும் இல்லை.

உங்களிடம் ஒரு விஎம்யு இருந்து, ஆன் செய்தவுடன் நீளமாகப் பீப் அடித்தால் பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் இரண்டு சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்துவிட்டன, அவ்வளவுதான். சேமித்த ஆட்டங்கள் அழியாது.