பல்லைப் பிடுங்கும் முன் கார்டைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. குரோம்பேட்டையில் வசிக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். சிறு வயதிலிருந்தே தெத்துப்பல். நெருக்கத்தில் உணவு சிக்கி இப்போது ஈறும் வீங்குகிறது. நான்கு பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்கிய பிறகுதான் கிளிப் போட முடியும், இரண்டு ஆண்டுகள் ஆகும் என்கிறார் மருத்துவர். உலோகக் கிளிப் 55,000 ரூபாய். வெளியே தெரியாத அலைனர் (பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை) 1,60,000 ரூபாய். அதற்கு 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம், மொத்தமாகக் கட்டினால் 16,000 தள்ளுபடியாம். பல் பிடுங்க 6,000தான் ஆகும். அதை மட்டும் இந்த மாதமே முடித்துவிட்டு, மீதிக்குப் பிறகு கடன் வாங்கலாமா? வங்கியில் 60,000 ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. மாதம் 5,000 ஆர்.டி. கட்டுகிறேன். கிரெடிட் கார்டில் 78,000 பாக்கி. பெரும்பாலும் தம்பி செலவழித்தது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருகிறேன்.
– வாசகி, சென்னை (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: ஒன்றரைப் பக்கம் பல்லைப் பற்றி எழுதிவிட்டுக் கார்டை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் கவலை தருகின்றன.

நீங்கள் இணைத்திருந்த ஸ்டேட்மெண்டை எடுத்துப் பாருங்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம். 78,000க்கு 2,730 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறக்குறைய 3,220. நீங்கள் கட்டுவது 3,900. ஆக, அசலில் குறைவது எழுநூறு ரூபாய்கூட இல்லை. அதே பக்கத்தில் 14ஆம் தேதி பெட்ரோல் 1,200 என்று இருக்கிறது. உங்களிடம் வண்டியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகச் செலவு செய்தால் வட்டியில்லா நாட்கள் கிடையாது. அந்தப் பெட்ரோலுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. இப்படிப் புதுச் செலவு சேர்ந்து பாக்கி குறையாமலே 17 மாதம் போனால் நீங்கள் கட்டியிருக்கும் வட்டி ஏறக்குறைய 55,000 ரூபாய். உலோகக் கிளிப்பின் முழு விலை அது. தம்பி அனுப்பிய 2,000 ரூபாயையும், "மீதி அடுத்த மாதம் அக்கா" என்ற அவருடைய செய்தியையும் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பணம் ஒரு மாத வட்டிக்கே போதவில்லை என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

இனி பல்லுக்கு வருகிறேன். 6,000 ரூபாய்தானே என்று பிடுங்குவதை முதலில் முடிக்க நினைக்கிறீர்கள். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். இந்தச் சிகிச்சையிலேயே மலிவான பகுதி அது. திரும்பப் பெற முடியாத பகுதியும் அதுதான். அந்த நான்கு பற்கள் போன பிறகு பக்கத்துப் பற்கள் காலியிடத்தை நோக்கிச் சாயத் தொடங்கும்; நிபுணர் நினைக்கும் திசையில் சாயும் என்று சொல்ல முடியாது. அப்போது கையில் பணம் இல்லையென்றால் கிடைத்த வட்டிக்குக் கடன் வாங்குவீர்கள். முழுச் சிகிச்சைக்கும் வழி தெரிந்த பிறகு பல்லைப் பிடுங்குங்கள். ஈறு வீக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பல் சுத்தம் செய்வதை இந்த வாரமே முடித்துவிட்டு, கிளிப்புக்கு ஆறு மாதம் காத்திருப்பதில் தொந்தரவு உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பிடுங்கத்தான் வேண்டுமா என்பதை நான் சொல்ல முடியாது. நெருக்கம் சில மில்லிமீட்டர்தான் என்றால் பற்களின் பக்கங்களை லேசாகத் தேய்த்தே இடம் எடுப்பதும் உண்டு. பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்த இன்னொருவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். ஆலோசனைக் கட்டணம் வீண் போகாது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்குத் தனித் துறை உண்டு. குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். கூட்டம் இருக்கும், அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

அலைனர் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்பதை நம்பவும் வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. உங்கள் கணக்கிலேயே பாருங்கள்: தவணையில் சேர்ந்தால் 16,000 தள்ளுபடி போகிறது. 1,44,000 ரூபாய்ப் பொருளுக்கு மாதம் 13,333 வீதம் 1,60,000 கட்டுகிறீர்கள். தோராயமாக 20 சதவீத வட்டி. நான்கு பல் பிடுங்கிய இடைவெளியை அலைனரால் மூடுவது கடினமான வேலையும்கூட. அமெரிக்காவில் அலைனரைத் தபாலில் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது பலருக்குச் சிகிச்சை பாதியில் நின்றது. தவணையை மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள்.

செய்ய வேண்டியது இது. வைப்புத்தொகையை உடைத்துக் கார்டில் கட்டுங்கள். அது ஈட்டித் தருவது மாதம் 350 ரூபாய். கார்டு பிடுங்குவது 3,220. அபராதமாக வட்டியில் கொஞ்சம் குறையும், போகட்டும். மீதி 18,000. ஆர்.டி.யை நிறுத்தி அந்த 5,000ஐயும் இப்போது கட்டும் 3,900ஐயும் சேர்த்தால் 8,900. மூன்றாவது மாதம் கார்டு தீரும். ஆறாவது மாத முடிவில் கையில் 34,000 அளவில் இருக்கும். நடுவில் உண்மையான அவசரம் வந்தால் தங்க வளையலை வங்கியில் அடகு வையுங்கள். அந்த வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

அதன்பின் பல் பிடுங்க 6,000, கிளிப்புக்கு முன்பணம் 20,000. பாக்கி 35,000ஐ மாதாமாதம் கிளிப்பை முறுக்கப் போகும்போது 1,750 வீதம் 20 தடவையாகத் தர மருத்துவரிடமே கேளுங்கள். வட்டி வாங்காமல் ஒப்புக்கொள்பவர்கள் பலர். ரிட்டெய்னரும் (சரிசெய்த பல் நகராமல் பிடித்து வைப்பது) உடைந்த கிளிப்பை மாற்றுவதும் 55,000க்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கிளிப் கழற்றிய பிறகு ரிட்டெய்னர் அணியாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும். அது தொலைந்தால் மறுபடி செலவு.

இதெல்லாம் தம்பி கையில் கார்டு இல்லாவிட்டால்தான் நடக்கும். அவருக்கு 27 வயது, வேலையில் இருக்கிறார். உதவ வேண்டும் என்று தோன்றினால் மாதம் 1,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுங்கள். அதற்கு எல்லை உண்டு, கார்டுக்கு இல்லை. அட்டையை வாங்கினால் மட்டும் போதாது, அவருடைய கைபேசியில் இரண்டு கடைகளின் ஆப்பில் அது பதிவாகியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே வங்கியின் ஆப்பைத் திறந்து கார்டின் இணையவழிப் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மெண்டில் அவர் செலவுகளைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகு பேச உட்காருங்கள்.