காரணம் தேடுவது அப்புறம், முதலில் சாப்பாடு

கேள்வி: என் மூத்த மகளுக்கு 15 வயது. ஆறு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். நன்றாக மெலிந்துவிட்டாள். மூன்று மாதமாக மாதவிலக்கும் இல்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் போடுகிறாள், தான் மட்டும் தொடுவதில்லை. எங்கள் வளர்ப்பில்தான் தவறா? காரணம் தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? 12 வயதுத் தங்கைக்கும் இது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: காரணம் தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த நோயில், காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நாட்களிலும் எடை இறங்கிக்கொண்டே போகும். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நீங்கள் எழுதியவை, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டே போகும் அனோரெக்ஸியா நெர்வோசா என்ற மனநல நோயோடு பொருந்துகின்றன. நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. தைராய்டு, குடல் நோய், சர்க்கரை நோய் போன்றவையும் எடையைக் குறைக்கும் என்பதால் மருத்துவர் அவற்றையும் பார்ப்பார். நாடித்துடிப்பு, படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் இரத்த அழுத்தம், ஈசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தாலும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். உடல் நலிந்த பிறகும் இரத்த அளவுகள் பல நாள் சரியாகவே காட்டும். மயக்கம், நெஞ்சுவலி, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். இந்த நோய்க்குப் பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், இத்தகைய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்களே மிகவும் பொருந்தாதவர்கள் என்று 1870களில் எழுதினார். அந்தப் பழி நூறு வருடத்துக்கும் மேலாகப் பெற்றோர் தலையில், அதிலும் தாயின் தலையில் இருந்தது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளோ, நோய் வரும் வாய்ப்பில் பாதியளவு மரபணுவோடு தொடர்புடையது என்று காட்டுகின்றன. 2019இல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, மனநலக் கோளாறுகளோடு மட்டுமல்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் அதற்குத் தொடர்பு தெரிந்தது. மரபணு மட்டும் போதாது. பூப்பு, பதற்றம், எதையும் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம், உடம்பைப் பற்றிய கேலி, கடைசியாக ஒரு 'டயட்' என்று பலவும் ஒன்றாகச் சேர்கின்றன. இதில் உங்கள் தவறு இது என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை.

தான் தொடாமல் மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் மினசோட்டா ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. 1944-45இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், உடலும் மனமும் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அதுவரை சமையலைப் பற்றி யோசிக்காதவர்கள் சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்தார்கள். தட்டில் இருந்ததைத் துணுக்குத் துணுக்காக்கி நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள். பட்டினியே மனத்தை இப்படி ஆக்கியது. வயிறார உண்ட பிறகும் மனம் பழைய நிலைக்கு வரப் பல மாதம் பிடித்தது. உங்கள் மகளுக்கு இதற்கு மேல் உணவின் மீது பயமும் இருக்கிறது, அவர்களுக்கு அது இல்லை. ஆனாலும் நீங்கள் காண்பதில் பெரும்பங்கு பட்டினியின் வேலைதான். அதனால்தான் மனதைப் பேசித் தீர்க்கும்வரை காத்திருக்காமல் சாப்பாட்டில் தொடங்கச் சொல்கிறேன்.

இந்த வயதினருக்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்ற முடிவைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டு, எடை தேறத் தேற அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, இந்த வழியில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். பிள்ளையோடு மட்டும் தனியாகப் பேசும் சிகிச்சையில் அது கால்பங்குக்கும் குறைவு. மீதிப் பாதிப்பேருக்கு இன்னும் நாளாகலாம், மருத்துவமனையில் தங்கவும் நேரலாம். எடையை மீட்டுத் தரும் மாத்திரை என்று நம்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

மேசையில் இது எப்படி நடக்கும்? தட்டு முன்னால் இருக்கும். அவள் கரண்டியால் தள்ளிக்கொண்டே இருப்பாள். அரைமணி நேரம் ஆகிவிடும், அழுவாள், உங்களைத் திட்டுவாள். அப்போது சத்துக் கணக்கும் வேண்டாம், வாதமும் வேண்டாம். "கஷ்டமாக இருக்கிறதென்று தெரிகிறது கண்ணு. நான் எழுந்து போக மாட்டேன். அடுத்த வாய்." இதையே எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அப்பாவும் அதையே சொல்ல வேண்டும், ஒருவர் இளகினால் நோய் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மணி நேரம் கூடவே இருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்றைக்கே ஒரேயடியாக நிறையக் கொடுத்துவிடாதீர்கள். வெகுநாள் பட்டினி கிடந்த உடலில் உணவு திடீரென ஏறினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து, இதயத்துக்கே ஆபத்தாகலாம். எவ்வளவில் தொடங்கி எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இனி தங்கை. வீட்டில் யாருடைய எடையைப் பற்றியும், உங்கள் எடையைப் பற்றியும்கூட, பேச வேண்டாம். ஒல்லியே அழகு என்ற எண்ணத்தை எதிர்த்துப் பெண்களையே வாதிட வைக்கும் பயிற்சிகள் பலனளிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பள்ளியில் அப்படி ஏதாவது நடந்தால் அனுப்புங்கள். அதைவிட முக்கியம், அக்கா சாப்பிட்டாளா, தட்டைக் காலி செய்தாளா என்று அவளை வேவு பார்க்க விடாதீர்கள். அக்காவின் தட்டு அம்மா அப்பா பொறுப்பு என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டதும் தங்கை எழுந்து விளையாடப் போகட்டும்.