பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கும்போது பொழுது எப்படிப் போகும்? போரடிக்காதா?

போரடிக்க எங்கே நேரம்? தூங்குவதற்கே நேரம் தேட வேண்டியிருக்கும்.

நான் போனது அட்லாண்டிக்கில். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸில் ஏறி, கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவில் இறங்கினேன். நாற்பதடிப் படகு, அதன் சொந்தக்காரரான கேப்டனையும் சேர்த்து நான்கு பேர். தூரம் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். படகின் வேகம் சராசரியாக 6 நாட், மணிக்கு 11 கிலோமீட்டர்தான். ஆக மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும். கரீபியன் புயல் பருவம் நவம்பரோடு முடிகிறது என்பதால் பல படகுகள் அந்த மாதக் கடைசியில்தான் கிளம்பும். “வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு” என்பது அந்தப் பாதையின் பழைய சொலவடை. திரும்பிய பிறகு வடகிழக்கு வணிகக்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்.

காற்று பின்னாலிருந்து வந்தால் சுகமான பயணம் என்று தோன்றும். உண்மையில் படகு இடமும் வலமுமாக ராத்திரி பகலாக உருளும். எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த உருளல்தான். படுக்கையிலிருந்து விழாமல் இருக்க அதன் திறந்த பக்கத்தில் கான்வாஸ் துணியை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, தூளியில் கிடக்கும் குழந்தை மாதிரி படுக்க வேண்டும். கழிவறையில் ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். இது கேப்டனின் சட்டம், யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

நாளை ஆள்வது கடிகாரம் அல்ல, வாட்ச் அட்டவணை, அதாவது யார் எப்போது காவல் இருப்பது என்ற முறை. இரவில் ஆளுக்கு மூன்று மணி நேரம் மேல்தளத்தில் தனியாக உட்கார வேண்டும். சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். நம் வேலை காற்றையும் ரேடார் திரையையும் வானத்தையும் பார்ப்பது. இடுப்பு வாரைப் படகோடு கொக்கியால் மாட்டியிருக்க வேண்டும். இன்னொருவரை எழுப்பாமல் படகின் முன்முனையான அணியம் பக்கம் போகவே கூடாது. இரவில் தனியாக ஒருவர் விழுந்தால் மற்றவர்களுக்குத் தெரிய வருவது அடுத்த வாட்ச் மாறும்போதுதான்.

கப்பல்கள் அபூர்வம். கவலை எல்லாம் மழைமேகங்கள்தான். பின்னால் அடிவானத்தில் நட்சத்திரங்கள் ஒரு பக்கமாக மறையத் தொடங்கும், ரேடாரில் ஒரு திட்டு தெரியும். 18 நாட் காற்று சில நிமிடங்களில் 35 ஆகிவிடும். அதற்குள் பாயைச் சுருக்கியிருக்க வேண்டும். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், நாம் தொப்பலாக நனைந்து நிற்போம்.

காலையில் முதல் வேலை தளத்தைச் சுற்றி வருவது. இரவில் விழுந்து செத்துக் கிடக்கும் பறவைக் கோலா மீன்களைப் பொறுக்க வேண்டும் (முள் அதிகம், ஆனால் வறுத்தால் தேவலை). முக்கியமான வேலை அதன் பிறகு: கயிறு பார்ப்பது. நாள் கணக்கில் ஒரே பக்கம் ஒரே காற்று என்பதால் கயிறு அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். உருளையைத் தொடும் இடத்தில் விரலால் தடவிப் பார்ப்போம். மேலுறை பஞ்சாகக் கிளம்பியிருந்தால், ஒரு சாண் இழுத்து உரசும் இடத்தை மாற்றிவிடுவோம். புயலைவிட இந்த உராய்வுக்குத்தான் கேப்டன் பயந்தார். பாதிக் கடலில் பாய்க்கயிறு அறுந்தால் வாங்கக் கடை ஏது?

தண்ணீர் அடுத்த தலைவலி. கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தது, நம் வீட்டு ஆர்.ஓ. தத்துவம்தான். ஆனால் அது மின்சாரத்தைக் குடிக்கும், கெட்டும் போகும். அதனால் பாத்திரம் கழுவுவது கடல்நீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். உருளைக்கிழங்கு வேகவைக்க மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் உப்புப் போட வேண்டியதில்லை.

சமையலறையில்தான் நான் பெரிய ஆளானேன். அங்கே அடுப்பு ஒரு அச்சில் தொங்கும்; படகு சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கும். ஆனாலும் திறந்த பாத்திரத்தில் குழம்பு வைப்பது தற்கொலை. பிரஷர் குக்கருக்குப் பூட்டிய மூடி, கவிழ்ந்தாலும் கொட்டாது, எரிவாயுவும் மிச்சம். விசில் சத்தத்துக்குப் பயந்து நடுங்கிய மற்ற மூவரும் சில நாளில் “இன்னும் எத்தனை விசில்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். காய்களில் முட்டைக்கோசு கடைசிவரை தாங்கும். வாழைக்குலை மட்டும் வேண்டாம், மொத்தமும் ஒரே நாளில் பழுத்துவிடும். அட்டைப் பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். கரப்பான் முட்டை ஏறுவது அதில்தான்.

மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னே தள்ள வேண்டும், மொத்தம் 4 மணி நேரம். தள்ளுகிற நாளில் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் யார் வாட்ச்சில் விழுகிறது என்று நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் அல்ல. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று பிரித்த பிறகுதான் அடங்கியது.

நாங்களாவது நான்கு பேர். இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும் இரண்டே பேராக உலகத்தையே சுற்றினார்கள். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் புறப்பட்டு, 2025 மே 29-ல் திரும்பினார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் தனியாள், அதுவும் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் குளிரில். அதை நினைத்தால் என் அட்லாண்டிக் எல்லாம் சுற்றுலா.

போக ஆசையா? சொந்தப் படகு வேண்டாம். அக்டோபர், நவம்பரில் லாஸ் பால்மாஸ் படகுத்துறையில் ஆள் தேடும் கேப்டன்கள் இருப்பார்கள்; சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. அதற்கு முன் எங்காவது இரண்டு இரவுப் பயணம் போய், உங்கள் வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆடுகிற அடுக்களையில் வாந்தி எடுக்காமல் நான்கு பேருக்குச் சமைப்பேன் என்று சொல்லிப் பாருங்கள். என்னை ஏற்றிக்கொண்டதே அதற்காகத்தான்.