கிள்ளானில் இழுவைப்படகு வேலை: சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியது

தம்பி, தூத்துக்குடியில் மாலுமிப் பயிற்சியை முடித்திருக்கிறீர்கள். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இழுவைப்படகு வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். பந்திங்கில் சித்தப்பா வீட்டில் தங்கிப் போய்வர முடியுமா, பெரிய கப்பலை விட்டுவிட்டு இந்தச் சிறிய படகில் ஏறுவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்திங் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். கோயில் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, தனிமை தெரியாது. ஆனால் கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்ஸ் முனையம் புலாவ் இண்டா தீவில் இருக்கிறது. கப்பல் நள்ளிரவில் வந்தால் உங்களுக்கும் நள்ளிரவில்தான் வேலை. அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. பணி நாள்களில் படகிலேயே தங்கிவிட்டு, விடுப்பில் சித்தப்பா வீட்டுக்கு வாருங்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது.

இனி படகுக்கு வருவோம். அதைச் சிறியது என்று எண்ண வேண்டாம். 400 மீட்டர் நீளக் கப்பலும் வேகம் குறையக் குறையச் சுக்கானுக்குக் கட்டுப்படாது. அப்போது அதைத் திருப்புவதும், பிடித்து நிறுத்துவதும், பெர்த்தில், அதாவது கப்பல் கட்டும் துறைமேடையில், மெதுவாக அணைப்பதும் இழுவைப்படகுகள்தான். 2024 மார்ச்சில் பால்டிமோரில் டாலி என்ற கப்பல் பாலத்தில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். துறையிலிருந்து அதை வெளியே எடுத்த இழுவைப்படகுகள் விலகிப் போன பிறகுதான் அதில் மின்சாரம் நின்றது.

அதனால் முகவரிடம் சம்பளத்தைக் கேட்கும் முன், படகு எந்த வகை என்று கேளுங்கள். உங்கள் உயிர் அதைப் பொறுத்தது.

பழைய வகையில் உந்துவிசிறி படகின் பின்முனையான அமரத்தில் இருக்கும். இழுக்கும் கொக்கி ஏறக்குறைய நடுப்பகுதியில் இருக்கும். முன்னோக்கி நன்றாக இழுக்கும். பின்னோக்கி வலு குறைவு, பக்கவாட்டில் நகரவே தெரியாது. கப்பல் படகை முந்திக்கொண்டு ஓடினால் கயிறு படகின் விலாவுக்கு வந்துவிடும். அப்புறம் கப்பலே படகைக் குறுக்காக இழுத்துக் கவிழ்த்துவிடும். கர்ட்டிங் என்று இதைச் சொல்வார்கள். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும், எந்திர அறையில் இருப்பவருக்கு ஏறிவர நேரம் இருக்காது. இந்த வகைப் படகில்தான் வேலை என்றால், படகு சாய்ந்து கயிறு இறுகிய நிலையிலும் கொக்கி உடனே விடுபடுமா, அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது நீர்புகாக் கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். வெக்கை தாங்காமல் எந்திர அறைக் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் உள்ள படகில் ஏறாதீர்கள்.

டிராக்டர் வகையில் உந்துகருவிகள் முன்பாதியின் அடியில் இருக்கும்; கயிறு பின்பக்கத்தில் பிடிக்கும். கயிறு இழுத்தாலும் படகு கப்பலின் போக்கிலேயே திரும்பி நிற்கப் பார்க்கும், எளிதில் கவிழாது. ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920களில் வடிவமைத்த, நிமிர்ந்த தகடுகள் சுழலும் ஃபோய்த் ஷ்னைடர் கருவி இவற்றில் பலவற்றில் உண்டு. விலை அதிகம், ஆழமும் அதிகம் வேண்டும்.

இன்றைய கண்டெய்னர் துறைமுகங்களில் அதிகம் காண்பது ஏஎஸ்டி (அசிமத் ஸ்டெர்ன் டிரைவ்) வகை. அமரத்தில் இரண்டு உந்துகருவிகள், ஒவ்வொன்றும் 360 பாகையும் திரும்பும். கயிறு படகின் முன்முனையான அணியத்தில் உள்ள வின்ச்சிலிருந்து (கயிறு சுற்றும் எந்திரம்) போவதால் கேப்டன் கப்பலைப் பார்த்தபடியே இழுக்கலாம், தள்ளலாம். கரையிலுள்ள கட்டுத்தூணில் கட்டி முழு விசையில் இழுக்கவிட்டு அளக்கும் இழுதிறன் இவற்றில் 60, 70 டன் என்பது சாதாரணம். நீங்கள் பழக இதுவே நல்ல இடம்.

இதிலும் ஆபத்து உண்டு. கயிறு கொடுக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் முகப்புக்கு அடியிலேயே படகு நுழைய வேண்டியிருக்கும். இப்போதைய செயற்கை இழைக் கயிறு எஃகு வடத்தைவிட மிகவும் இலேசானது, தண்ணீரில் மிதக்கும். ஆனாலும் அறுந்தால் ஆளை அடிக்கும். இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். மலாக்கா நீரிணையில் விடியலுக்கு முன் சுமத்ரா என்கிற சூறைக்காற்று திடீரென்று வரும். அடுக்கிய கண்டெய்னர்கள் பாய்மரம்போல் அந்தக் காற்றை வாங்கிக்கொள்ளும். அன்றைக்குத்தான் நல்ல படகின் அருமை தெரியும்.

சுற்றுலா விசாவில் வந்து வேலையில் சேரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முகவரிடம் படகின் பெயரையும் ஐஎம்ஓ எண்ணையும் (கப்பலுக்குரிய நிரந்தர அடையாள எண்) எழுத்தில் வாங்குங்கள். அது கையில் இருந்தால் கட்டிய ஆண்டையும் வகையையும் தேடிவிடலாம். எனக்கு அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன். அவர் எண்ணைத் தர மறுத்தால் பணம் எதுவும் கட்டாதீர்கள்.