‘ஓசியில் சொல்லிக் கொடுப்பது உருப்படியாக இருக்குமா?’

கேள்வி: எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகன் நான்காம் வகுப்பு. லீவு விட்ட நாளிலிருந்து இரண்டு பேரும் போனும் கையுமாக இருக்கிறார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் மே மாதம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கதை, ஓவியம், செஸ் எல்லாம் இலவசமாகச் சொல்லித் தருவதாக வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்குப் பணம் கட்டி சம்மர் கேம்ப் அனுப்புகிறார்கள். என் மாமியார், ‘ஓசியில் சொல்லிக் கொடுக்கிறது உருப்படியாகவா இருக்கும்? ஆம்பளைகள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடத்துக்குப் பொம்பளப் பிள்ளையை அனுப்புவியா?’ என்கிறார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். உள்ளே போய் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், முக்கூடல் அருகே)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் நீங்களும் கூடப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. முதல் நாள் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால் போதாது. உள்ளே போய் உட்காருங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் அந்த ஓசி விஷயத்தைப் பேசிவிடலாம். வீட்டு வரி கட்டின ரசீது வீட்டில் எங்காவது இருக்கும், எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா அது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்தபின் பொது நூலகங்களுக்கென்று நம் நாட்டில் வந்த முதல் சட்டம் அதுதான். அதற்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஊர்க்காரர்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலித்து, அதை வைத்து நூலகங்களை நடத்த வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. ஊராட்சி வசூல் பண்ணி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுகிறது. உங்கள் மாமியார் எத்தனை வருஷமாக வீட்டு வரி கட்டுகிறாரோ, அத்தனை வருஷமாக அந்த நூலகத்துக்கும் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கொடுத்த காசுக்கு இதுவரை ஒரு நாள்கூட அந்தப் படி ஏறவில்லை, அவ்வளவுதான். ரசீதை அவரிடம் காட்டிச் சொல்லுங்கள். குத்திக்காட்டுகிற மாதிரி வேண்டாம், விவரமாகச் சொன்னாலே போதும். காசு விஷயம் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அடுத்தது, உருப்படியாக இருக்குமா என்பது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். நூலகத்தில் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார், பக்கத்து அரசுப் பள்ளியின் ஓவிய ஆசிரியை, செஸ் நன்றாக ஆடும் கல்லூரிப் பையன், அறிவியல் இயக்கத்துக்காரர்கள் என்று வாசகர் வட்டத்தார் கேட்டுக்கொண்டதற்காக வந்து போகிறவர்கள். சிலர் பிரமாதமாகச் செய்வார்கள். சிலர் மைக்கைப் பிடித்தால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் வரை விடமாட்டார்கள். பணம் கட்டுகிற கேம்ப்பிலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் நூலகத்தை அந்த கேம்ப்கள் தொட முடியாது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் கதை நேரத்தைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். கதை சொன்ன அம்மா, காட்டுக்குள் போன பையன் வழி தெரியாமல் ஒரு குகை வாசலில் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டார். ‘மீதி அந்த அலமாரியில் இருக்கு, பச்சை அட்டை’ என்றார். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். இருந்ததோ ஒரே பிரதிதான். ஒருத்தி எடுத்துக்கொண்டாள், மற்றவர்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். திக்கின இடத்தில் பின்னாலிருந்து இன்னொரு பிள்ளை எடுத்துக் கொடுத்தது. பரீட்சைக்குப் படி என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் குகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் அந்தப் பிள்ளைகளுக்கு. கதை கேட்ட கையோடு புத்தகம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது நூலகத்தில்தான். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியும். ஓவியமும் செஸ்ஸும் அந்த வாசலுக்குள் பிள்ளைகளை இழுத்து வருவதற்கான வழிகள் என்றே நான் நினைக்கிறேன். அதனால் செஸ் வகுப்பு சுமாராக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். உங்கள் மகனையும் மகளையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஒரு படிவம், சிறிய காப்புத் தொகை, வருடச் சந்தா, வேலை முடிந்தது. உள்ளே உட்கார்ந்து படிக்க அதுகூட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மே மாதம் முழுக்க என்று எழுதிப் போட்டிருந்தாலும், முதல் வாரத்தில் நாலு பிள்ளைகள்தான் வந்தார்கள் என்றால் இரண்டாம் வாரம் வகுப்பு நின்றுபோகும். கிராமத்து நூலகம் ஒற்றை ஆளை வைத்து ஓடுகிறது. திறப்பது, கூட்டிப் பெருக்குவது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அந்த ஒருவர்தான். வெளியிலிருந்து ஓர் ஆளைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்து, எதிரே காலி நாற்காலிகளைக் காட்டுவது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். அதனால்தான் நீங்கள் கூடப் போக வேண்டும் என்கிறேன், உங்கள் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு. உள்ளே நுழைந்ததும் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். நீங்களும் பிள்ளைகளும் தவறாமல் கையெழுத்துப் போடுங்கள். இத்தனை பேர் வருகிறார்கள், இன்னும் ரெண்டு பெஞ்சு வேண்டும், ஒரு மின்விசிறி வேண்டும் என்று அந்த நூலகர் மேலே கேட்கும்போது அவர் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அந்தப் பதிவேடு.

சரி, ஆம்பளைகள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடம். உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம் பக்கத்து நூலகங்கள் பலவற்றில் காலையில் போனால் அதுதான் காட்சி. வாசலை ஒட்டின மேஜை முழுக்க ஆண்கள், பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் பதிமூன்று வயதுப் பிள்ளை தனியாக அந்த மேஜையைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை. இது பெண்கள் போகப் போகத்தான் மாறும். உங்களோடு பீடிக் கடைக்கு இலை வாங்க வருகிறவர்களில் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். அவர்கள் வீட்டிலும் இதே கவலைதான் இருக்கும். நாலைந்து பெண் பிள்ளைகள், கூட இரண்டு அம்மாமார் என்று போங்கள். நூலகரிடம், ‘பிள்ளைகளுக்குத் தனியா ஒரு மேஜை ஒதுக்கித் தாங்க’ என்று கேளுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து உட்கார்ந்தால் அது பெண் பிள்ளைகள் மேஜை என்று ஊரே சொல்ல ஆரம்பித்துவிடும். யாராவது முறைகேடாக நடந்தால் அன்றைக்கே நூலகரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணலாம். இதற்குப் பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்க மட்டும் வேண்டாம்.

முடிந்தால் இந்த லீவிலேயே ஒரு நாள் மகளைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் நம்மைப் போன்ற பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் கிடையாது. அங்கே அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களைப் பார்க்கலாம். மதியச் சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு காலையில் வந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் படிக்கிற பெண் பிள்ளைகள் இருப்பார்கள். உங்களைப் போலத் தூரத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். நூலகத்துக்குப் பெண் பிள்ளைகள் போகலாமா என்ற கேள்விக்கு உங்கள் மகள் அங்கேயே பதில் தெரிந்துகொள்வாள்.

இனி உங்களைப் பற்றி. எட்டாவதோடு நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூடப் புரியாமல் இல்லை, ஒரு பிழைகூட உறுத்தவில்லை. நூலகத்தில் யாரும் உங்களை எத்தனாவது படித்தாய் என்று கேட்க மாட்டார்கள். ‘பிள்ளைகளைச் சேர்க்கணும், எப்ப கூட்டிட்டு வரட்டும்?’ என்ற ஒரு கேள்வி போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

வேலை கெடும் என்ற கவலை இருக்கும், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. கடையில் எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். தினமும் இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு அம்மாமார் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று. மற்ற நாட்களில் நூலகம் உங்கள் வீட்டுக்கு வரட்டும். இதற்கு உங்கள் தொழிலிலேயே ஒரு நல்ல வழக்கம் இருந்திருக்கிறது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில் தொழிலாளர்கள் சுற்றிக்கொண்டிருக்க, அவர்களில் ஒருவர் எழுந்து நின்று பேப்பரையும் புத்தகத்தையும் உரக்க வாசிப்பாராம். வாசிக்கிறவருக்குக் கூலி போகக்கூடாதே என்று மற்றவர்கள் தங்கள் பீடியில் ஆளுக்குக் கொஞ்சம் அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அப்படித்தான் நாட்டு நடப்பைப் பேசினார்கள், சங்கம் கட்டினார்கள். உங்கள் வீட்டில் மடியில் சுளகு வைத்துக்கொண்டு நீங்கள் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை மகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் அவள், ஒரு நாள் தம்பி. அரை மணி நேரம் போதும். பிறகு போனைப் பிடுங்குவதா வேண்டாமா என்று அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமும் பாதி குறையும்.

கடைசியாக உங்கள் மாமியார். அவரைச் சமாதானப்படுத்துவதைவிட அவரையும் உள்ளே இழுத்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. முக்கூடல் பக்கத்து ஆச்சிமார்களுக்குத் தெரியாத கதையா? இசக்கியம்மன் கதை, சுடலைமாடன் கதை, கொடைக்கு வந்த வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டது, ஆற்றில் வெள்ளம் வந்த வருஷத்துக் கதை. நூலகரிடம் சொல்லி, ஒரு நாள் கதை நேரத்துக்கு ஊர் ஆச்சிமார் இரண்டு பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து ஆள் தேடி அலைகிறவருக்கு இது பெரிய உதவி. உங்கள் மாமியார் முதலில் ‘எனக்கென்ன தெரியும்’ என்பார். பேரன் கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவார். அவர் உட்கார்ந்து கதை சொன்ன இடத்தை ஆம்பளைகள் இடம் என்று அப்புறம் அவரே சொல்ல மாட்டார். நடக்க முடியாதவர் என்றால் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வயதானவர்கள், உடல் முடியாதவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு அது.

திருப்பூரில் இருக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கும் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். அவர் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமியாரிடம் பேசுவது சுலபம்.

முதல் தடவை போகும்போது வெள்ளிக்கிழமையில் போய்விடாதீர்கள், கிளை நூலகங்களுக்கு அன்றைக்குத்தான் வார விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டியிருக்கும். ஞாயிறு திறந்திருப்பார்கள், அன்றைக்குக் காலையில் போங்கள். பிள்ளைகளின் ஆதார் நகலை மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.